பட்டப்பகலில் இரவு நிலை

இது நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் என் தங்கை வீட்டுக்காரரிடம் நேரில் போய்க் கேட்கலாம். போனில் கேட்காதீர்கள். இருபது வருடமாக ஆபீஸ் ஆபீஸாகப் போன் மாட்டிப் பிழைத்த மனிதர், இப்போது மணி அடித்தால் எடுப்பதில்லை.

அன்றைக்கு ஒரு கம்பெனியில் போன் அமைப்பின் வருடச் சோதனை. படிவத்தில் இரண்டு கட்டம். பொத்தானை அமுக்கியதும் நேரே வெளி லைன் கிடைத்தால் சிறு வகை. ஒன்பது அடித்து, நடுவில் ஒரு பெட்டி மனம் இரங்கினால்தான் வெளி லைன் என்றால் பெரு வகை. பெரு வகைக்குச் சட்டம் உண்டு: பேஸ்மென்ட் போனுக்குத் தனி லைன் வேண்டும். எந்த நேரத்திலும் அது வெளியே பேச வேண்டும்.

அங்கே நாற்பத்தெட்டு போன். எல்லாம் ஒன்பது அடிக்கிற ரகம். மேலாளர் சிம்மாசனம் என்ற நினைப்பில் தன் நாற்காலியை அரை வட்டம் சுழற்றினார்.

"சிறு வகைன்னு டிக் போடுங்க."

"நாப்பத்தெட்டு போன் சார்."

"இருக்கட்டுமே. நாங்க ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்துக்கு எதுக்குப் பெரு வகை? இல்லேன்னா சொல்லுங்க, எங்க ஏழு கிளைக்கும் வேற ஆள் பாத்துக்கறேன்."

ஏழு கிளை என்பது தங்கை குடும்பத்தின் பாதிச் சோறு. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு மெஷின் அறைக்குள் போனார்.

பிற்பகல் மணி 2:10. பெட்டியின் சின்னத் திரையில் 'பகல் நிலை' என்று இருந்தது, 'இரவு நிலை' என்று மாறியது. தானாக.

இரவு நிலையில் வெளி லைன் பூட்டிக்கொள்ளும். பூஜ்யம் அடித்தால் வாட்ச்மேன் அறைக்குப் போகும். இங்கே வாட்ச்மேனை நிறுத்தி இரண்டு வருடம். அவருக்குப் பதில் கேமரா. கேமரா போன் எடுக்காது.

பகலுக்கு மாற்றினார். 2:12. மறுபடி இரவு.

"எவன்டா விளையாடுறது?"

அறையில் யாருமில்லை.

2:14. எக்ஸ்டென்ஷன் 31-இன் விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த சோதனைப் போன் அடித்தது. எடுத்தார்.

தண்ணீர்ச் சத்தம்... சளக்... சளக்...

"வாட்ச்மேன் அண்ணே... கதவு பூட்டிக்கிச்சுண்ணே... தண்ணி முட்டி வரைக்கும்..."

"எங்கம்மா இருக்கே?"

"கீழ... ஃபைல் ரூம்ல..."

"பயப்படாதே. போனை வை. இதோ வர்றேன்."

ஓடினார். படி... படி... படி...

கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே யாருமில்லை.

தரை காய்ந்திருந்தது.

சுவரில் போன் இல்லை. இரண்டு ஓட்டை. வெட்டிய ஒயர்.

மேலே வந்து மேலாளர் அறைக் கதவைத் தட்டாமலே தள்ளினார். பயத்திலா என்று கேட்டால் இன்றைக்கும் முறைக்கிறார். கோபமாம்.

"31-ல யாரு சார் இருந்தது?"

நாற்காலி சுழலவில்லை.

"பெருக்குற பொம்பளை ஒண்ணு. போன வருஷ மழையில, ராத்திரி உள்ள மாட்டிக்கிச்சு. விபத்துன்னு ஃபைலை மூடியாச்சு. போன் பக்கத்துலயேதான் இருந்துச்சு. வெளிய யாருக்காவது அடிச்சிருக்கலாம்ல?"

"எப்படிய்யா அடிப்பா? உன் பெட்டிதான் ராத்திரியில வெளிய விடாதேய்யா!"

பெரு வகைக் கட்டத்தில் போட்ட டிக்கில் காகிதம் கிழிந்தது. ஏழு கிளையும் போயிற்று. புகாரும் எழுதிப் போட்டார். மூடிய ஃபைலைத் திறந்தார்கள். அந்தப் பெட்டியின் பழைய அழைப்புப் பட்டியலைப் படித்துச் சொல்ல அவரையே கூப்பிட்டார்கள்.

போன வருடம் அந்த மழை இரவில், 12:40 முதல் 31-லிருந்து ஐம்பத்தேழு தடவை பூஜ்யம் அடித்திருக்கிறாள். ஐம்பத்தாறு அழைப்புகளுக்குப் பக்கத்தில் 'எடுக்கவில்லை'. கடைசி ஒன்று மட்டும், அதிகாலை 2:14, எடுக்கப்பட்டிருந்தது. மெஷின் அறைச் சோதனைப் போனில். இருபத்து மூன்று விநாடி.

"கட்டடமே பூட்டியிருந்துச்சே, யாரு எடுத்தாங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

மாப்பிள்ளை அடுத்த வரியைப் பார்த்தார். தண்ணீர் மட்டம் போனை எட்டி லைன் செத்தது 4:30-க்கு.

இரண்டே கால் மணி நேரம். அவள் அப்புறம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.