ஊதச் சொன்னவள்

என் கணவர் குடித்ததில்லை. ஒரு நாள்கூட, ஒரு மடக்குகூட. இதை எழுத எனக்கு இப்போது ஒரு தயக்கமும் இல்லை. சொல்ல வேண்டிய காலத்தில் நான் சொல்லவில்லை, நம்பவும் இல்லை. பதினெட்டு வருஷம், ஒவ்வொரு நாளும் அவர் வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் நிறுத்தி, "ஊதுங்க, பாக்கட்டு" என்பேன். அவர் ஊதுவார். நான் மோந்து பார்த்துவிட்டு வழிவிடுவேன்.

என் அப்பா குடித்துச் செத்தவர். வெள்ளறடையில் ரப்பர் வெட்டிவிட்டுத் திரும்பும் வழியில் பனச்சமூட்டுச் சாராயக் கடையில் இறங்குவார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது அப்பா அல்ல, வேறு ஒரு ஆள். அந்த வேறு ஆளிடம் அம்மா பட்ட அடியையெல்லாம் பார்த்து வளர்ந்ததால், பெண் பார்க்க வந்தவரிடம் நானே நேராகக் கேட்டேன், குடிப்பீர்களா என்று. "அதுக்க மணமே எனக்குப் பிடிக்காது" என்றார். என் அப்பாவும் என் அம்மாவிடம் இதையேதான் சொல்லியிருப்பார் என்று அந்த நிமிஷமே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் பொய்யை அது வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அவர் பிக்கப் வண்டி ஓட்டினார். மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு பனச்சமூடு சந்தைக்கு, அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம். வழியில் போலீஸ் நிறுத்தி மெஷினில் ஊதச் சொல்லும். அங்கேயும் ஊதிவிட்டு இங்கேயும் வந்து ஊத வேண்டும். "போலீசுக்க மெஷினு நம்புது, நீ நம்ப மாட்டங்கிய" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுக்கு 'டீச்சருக்க செக்போஸ்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நான் பள்ளியில் தாமதமாகும் நாட்களில் மகளைக் காவல் வைப்பேன். எட்டு வயதுப் பிள்ளை படியில் நின்றுகொண்டு, "அப்பா, ஊதுங்க" என்று கேட்கும். அவர் குந்தி உட்கார்ந்து அதன் முகத்தில் ஊதுவார். நான் வந்ததும், "பீடி மட்டும்தான் அம்மா" என்று அது ஒப்பிக்கும். இதை ஒழுக்கம் என்று நான் நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் மெலிய ஆரம்பித்தார். சாப்பாட்டை ஒதுக்கினார். பகலில் ஸ்டியரிங் மேலேயே தூங்கி வழிந்தார். பிறகு ஒரு மாலை, வாசற்படியில் ஊதியபோது, பதினெட்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. ஒரு மணம். மூடி வைத்த பலாப்பழம் அளிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு தித்திப்பு வாடை. அப்பாவின் வாயில் வந்தது இது இல்லை, அது புளித்த வாடை. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும், கடைசியில் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை. ஆமாம், சந்தோஷம்தான்.

அதன் பிறகு எல்லாம் ஒத்து வந்தது. தேநீர் கிளாசைப் பிடிக்கும் கை நடுங்கியது. பேச்சு குழறியது. ஒரு மாலை நல்ல மழையில் வந்து இறங்கியவருக்கு எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டியைத் திறக்கத் தெரியவில்லை. தடவிக்கொண்டே நின்றார். சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, நான் போய் வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

எப்படியோ கேட்டைத் திறந்து சன்னலருகே வந்து நின்றார். "எட்டி, நான் குடிக்கல்ல. தல சுத்துது. பிள்ளைக்க மேல சத்தியமாக்கும்."

"எங்க அப்பனும் இதத்தான் சொன்னாரு" என்றேன்.

மகள் என் பின்னால் நின்றாள். அப்போது அவளுக்கு என்னை மீறிக் கதவைத் திறக்கும் வயது வந்துவிட்டது, ஆனாலும் திறக்கவில்லை. அவளை அப்படித்தான் நான் வளர்த்திருந்தேன். அவர் போய் வண்டிக்குள் நனைந்த சட்டையோடு உட்கார்ந்துகொண்டார். நான் சோறு வடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

கண் மஞ்சளித்த பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மலையாளத்தில் கேட்டார்: "குடிக்குமோ?"

கேள்வி அவரிடம். பதில் சொன்னது நான். "குடிக்கும் டாக்டர், ஒளிச்சு வச்சு."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உண்டு, கொஞ்சம்" என்றார். ஈரல் கெட்டிருக்கிறது, முதலில் குடியை நிறுத்து என்று டாக்டர் சத்தம் போட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். காரணம்தான் கையில் கிடைத்துவிட்டதே, வேறு எந்தக் காரணத்தையும் டாக்டர் தேடவில்லை.

திரும்பி வரும் பஸ்சில், "இப்பமாவது ஒத்துக்கிட்டியளே" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ டீச்சர் இல்லியா. அவருக்க முன்னால நீ பொய் சொன்னதா ஆகண்டாம்னு நெனச்சேன்." குடிகாரனின் சாமர்த்தியம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏழு மாதம் அந்த மாத்திரையிலேயே போனது. அந்த ஏழு மாதமும் நான் பாட்டில் தேடினேன். வண்டியின் டூல்பாக்சில், சீட்டுக்கு அடியில், வாழைத் தோப்பில். ஒரு தடவை பாட்டில் ஒன்று கிடைத்தது, திறந்து மோந்து பார்த்தேன். தண்ணீர். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே குடிக்கிறார்கள், அந்தக் குடும்பத்து ஆண்களே அப்படித்தான் என்று அவருடைய தம்பியையும் சேர்த்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயிறு வீங்கிய பிறகுதான் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் புற்றுநோய். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ். "குடிச்சு வந்தது இல்லை இது" என்று டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலும் பிரசவத்தின்போதே தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடும். முப்பது நாற்பது வருஷம் சத்தம் காட்டாமல் ஈரலிலேயே குடியிருக்கும். மெதுவாக அதைத் தழும்பாக்கும், பிறகு சிலருக்குப் புற்றாக்கும். முன்பே தெரிந்தால் அடக்கி வைக்க மாத்திரை உண்டு. ஏழு மாதம் முன்பு வந்திருந்தால் என்று கேட்டேன். "அப்போ கட்டி சின்னதா இருந்திருக்கலாம்" என்றார்.

மாமியாரை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே வயிறு வீங்கிச் செத்தவள். யாரோ சோற்றில் கைவிஷம் கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. எங்கேயோ கொண்டுபோய் வாந்தி எடுக்க வைத்து, அந்தப் பாவப்பட்டவளை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகக் கொன்றார்கள்.

வார்டில் அவர் கட்டிலை விட்டு இறங்காமல் பத்து நாள் ஆகியிருந்தது. அப்போதும் அந்த மணம். என் புத்தியைப் பாருங்கள், அவர் தூங்குகிறார் என்று நினைத்து டாக்டரைக் கட்டிலருகே நிறுத்தி, "யாராவது ஒளிச்சு வாங்கிக் குடுக்கியாவளோ?" என்று கேட்டேன். டாக்டர் சொன்னார்: "ஈரல் செத்தா வாயில வர்ற மணம் இது. ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறும். பேச்சு குழறும், கை நடுங்கும், நடை தள்ளாடும். குடிச்ச ஆள் மாதிரியே இருக்கும்."

திரும்பினேன். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகியவள் நான்.

கடைசி நாட்களில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வாய் ஓரம் வழிந்த கஞ்சியைத் துடைக்க முகத்தருகே குனிந்தேன். என் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும், பாவம், உதட்டைக் குவித்து ஊதினார். மறுநாள் போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கு ஒன்றும் இல்லை, ஊசி போட்டுவிட்டோம். எனக்கு எப்போதோ அந்த வைரஸ் வந்திருக்கிறது. எனக்கே தெரியாமல் என் உடம்பு அதைத் துரத்தியும் விட்டிருக்கிறது. மிச்சம் இருந்தது அவருடைய தம்பி. அதே வயிற்றில் பிறந்தவன், என்னை மைனி என்று கூப்பிடுகிறவன், ரப்பர் வெட்டுகிறவன்.

பனச்சமூட்டில் டீக்கடையில் இருந்தான். பக்கத்தில் நாலு பேர். ரத்தம் கொடுத்துப் பார், உன் அண்ணனுக்கு வந்தது உனக்கும் இருக்கலாம் என்று கெஞ்சினேன். அவன் எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தான். "மொதல்ல ஊதிக் காட்டட்டா மைனி?" ஊதினான். டீ மணம். நாலு பேரும் சிரித்தார்கள்.

"எங்க குடும்பத்து ஆம்பிளைய எல்லாம் குடிகாரனுவன்னு ஊரு முழுக்கச் சொன்னது நீங்களாக்கும். இப்பம் நான் ஈரலுக்கு ரத்தம் பாக்கப் போனா என்ன சொல்லுவானுவ? இவனும் குடிச்சுக் கெட்டான்னு சொல்லுவானுவ. எனக்குப் பெண்பிள்ளைய உண்டு மைனி. நான் போகல்ல."

பிறகும் இரண்டு தடவை போனேன். அவன் போகவில்லை.

போன வாரம் பள்ளி விட்டு வரும் பஸ்சில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சரே, ஒங்க கொழுந்தன் பட்டப்பகல்ல ரோட்டுல ஆடியாடி நடக்கியான். நல்ல போதையாக்கும்." பனச்சமூட்டில் இறங்கினேன். பஸ் ஸ்டாப்பின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

அவனை நோக்கி நடந்த அந்த இருபது அடியில் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இவன் குடித்திருக்க வேண்டும், ஒரு முழு பாட்டில் குடித்திருக்க வேண்டும், எங்கள் அப்பாவைப் போல நாற வேண்டும்.

"மக்கா, ஒரு தடவை ஊது" என்றேன்.

இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதினான். சாராய வாடை துளிகூட இல்லை. மூடி வைத்த பலாப்பழத்தின் மணம்தான் வந்தது.