மூன்றாம் பங்கு

இந்த ஊர்க் கடைகளில் காசு வாங்கும் பெண்கள் நம் சாமானைப் பார்த்தே நம் வீட்டை விசாரிப்பார்கள். பகிடியும் அன்பும் கலந்த விசாரிப்புத்தான். ஆனால் இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. போன கிழமை இங்கே கனடாவில், ஸ்காபரோக் கடையொன்றில், மூன்று சவர்க்காரம், மூன்று பை அரிசி, மூன்று பைக்கற் பருப்பு என்று மேசையில் வைத்தேன். "வீட்டில் மூன்று பேரா?" என்று அந்தப் பிள்ளை சிரித்தபடி கேட்டது. "இரண்டு பேர்தான். வேறு ஒருவரும் இல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய பை வாங்கினால் மலிவாயிருக்கும் என்று சொல்லத்தான் கேட்டாளாம், பாவம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று கேட்பீர்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த யுத்த காலத்தில், தமிழர் வீட்டில் எத்தனை தலை என்று பொலிசில் பதிந்து வைக்க வேண்டும். எங்காவது குண்டு வெடித்தால் அன்றே எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தலைகளைச் சரிபார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நானும், கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்த என் கணவர் அந்தோனியும் மட்டும். பிள்ளைகள் இல்லை.

அந்த வருடம் பாஸ்குத் திருநாளுக்கு முந்திய தபசு காலத்தில் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஒரு பிரசங்கம் வைத்தார். "இறைச்சியை விட்டாப் போதாது. நீங்கள் கடைக்குப் போகேக்கை ஆண்டவரும் கூட வாறார். அவருக்கும் ஒரு பங்கு வாங்குங்கோ" என்றார். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் எதையும் பிடித்தால் உடும்புப் பிடி. அடுத்த நாளே மூன்று பேருக்கு வாங்கத் தொடங்கினேன். எங்களுக்கு நல்ல அரிசியும் அவருக்குக் குறுணலுமாக வாங்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். என் பாஸ்கு சேலை போனது. அந்தோனியின் சிகரெட்டும் போனது. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாய்" என்று முணுமுணுத்தாலும் அவர் தடுக்கவில்லை.

அந்தப் பங்கு செல்வராணிக்குப் போனது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மட்டக்குளியில் ஓர் அறையில் இருந்தாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் புருஷனைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவளிடம் அடையாள அட்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள், பையை வாங்கிக்கொண்டு போவாள்.

சந்திக் கடை முதலாளி ஒருநாள் தராசைப் பார்த்தபடியே, "நோனா, கெதர கட்டிய வெடித?" என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்களோ என்று அர்த்தம். நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடையில் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாய் திறப்பேன். ஆனாலும் மூன்றை இரண்டாக்க மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. பின்னேரமே வந்துவிட்டார்கள். மற்ற வீடுகளில் கட்டிலுக்குக் கீழே பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் நேரே குசினி அடுப்படிக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மூன்றாவது பையைத் தூக்கிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "இரண்டு பேர் என்று பதிந்திருக்கிறீர்கள். இது யாருக்கு?"

செல்வராணி என்றால் அந்த இரவே அவள் கதவைத் தட்டுவார்கள். சுவாமியைக் காட்டினாலும் அங்கேதான் போய் முடியும். "யேசுவுக்கு" என்றேன். பொடியன் பொலிஸ் ஒருவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த யேசுவின் திருஇருதயப் படத்தை ஆற அமரப் பார்த்தார். "சரி, அவர் எங்கே படுக்கிறார் என்று உங்கள் மகத்தயா பொலிசுக்கு வந்து சொல்லட்டும்" என்றார். அவர் சொன்ன மகத்தயா, என் கணவர் அந்தோனி, சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "நீ ஒண்டும் கதைக்காதை" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் பொலிஸ் வாசலுக்கு ஓடினேன். உள்ளே விடவில்லை. பூசைக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டு, போன கிழமை நான் கொடுத்த பையைக் கையில் பிடித்தபடி செல்வராணி வந்து நின்றாள்.

"அக்கா, எம் பங்குக்காக அண்ணன் எதுக்கு உள்ள இருக்கணும்? நான் போயி சொல்லிர்றேன்."

"விசரே உனக்கு? அடையாளக் காட் இல்லாமல் உள்ளுக்குப் போனால் விடமாட்டாங்கள்."

"புருஷன எங்க வச்சிருக்காங்கன்னும் கேக்கணும்க்கா."

கையைப் பிடித்து இழுத்தேன். உருவிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தோனி வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது. அவரைக் கண்டதும் எனக்கு வந்தது சந்தோஷந்தான், பொய் சொல்லமாட்டேன். அவளும் பின்னால் வருவாள் என்று மதியம் வரை நின்றோம்.

அவளை அனுப்பிவிட்டோம் என்று, விசாரிக்கப் போன சுவாமியிடம் பொலிசில் முதலில் சொன்னார்கள். அடுத்த முறை போனபோது அப்படி ஒருத்தி வரவே இல்லை என்றார்கள். மட்டக்குளி அறை பூட்டியபடி கிடந்தது. நாங்கள் நாடு விடும் மட்டும் அந்தப் பூட்டை யாரும் திறக்கவில்லை.

இங்கே மூன்றாம் பங்கை இந்தக் கோயில் ஆட்கள் வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். யாரோ சாப்பிடுகிறார்கள், நல்லது. கொட்டாஞ்சேனையில் அது இன்னும் கொடுபடாமல் கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றும். இப்போது கடையில் மூன்றாவது பையைத் தட்டிலிருந்து எடுத்து வண்டிலில் வைப்பவர் அந்தோனி.

ஞாயிறு பூசையில் எங்களை அறியாமலே எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் இடம் விட்டு உட்காருகிறோம். கோயில் நிறைந்ததும் யாராவது வெள்ளைக்காரக் கிழவி வந்து, இங்கே ஆள் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். இல்லை என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வருவதில்லை.