தட்டிப் பார்க்க வந்தவர்

அன்று அடையாறு வீட்டுத் தோட்டத்தில் நாலு பேர் இருந்தோம்: பழைய ஃபைபர் பாய்மரப் படகை விற்கும் முதலாளி, வாங்க வந்த டாக்டர், படகைச் சோதிக்க டாக்டர் கூட்டி வந்த பெரியவர், அதற்கு பெயின்ட் அடித்த நான். கூலி கேட்டபோதெல்லாம் முதலாளி, "படகு வித்தா பாக்கலாம், போடா" என்று விரட்டியிருந்தார்.

பெரியவர் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். மேல்தளத்தில் பாய்மரத்தின் அடியை மட்டும் தட்டாமல் தாண்டினார். அங்கே ஃபைபருக்குள் இருந்த பலகை அழுகியிருந்ததை முதலாளி சொல்லி நான்தான் பெயின்டால் மறைத்திருந்தேன். நான் அந்த இடத்தைக் கை காட்டினேன்.

"பெருசு, அங்க தட்டு. உள்ள ஊறிக் கீது."

தட்டினார். சொத்தென்றது. டாக்டர் படகு வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

பெரியவர் என் காதோரம், "தெரியும் நைனா. நீயே சொல்லட்டும்னு வுட்டேன்" என்றார்.

ஏன் விட்டார் என்று இன்னும் புரியவில்லை. முதலாளியின் முகம் போன போக்கு மட்டும் இன்னும் இனிக்கிறது. எனக்கு வர வேண்டிய கூலி எட்டாயிரம்.