நாலு அடிக் கயிறு

டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து, சேறடிக்கும் கத்திகள் கொண்ட ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தமான பண்ணைவீட்டு டிராக்டரில் அந்த உறை உடைந்து விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் கரையில் வந்தபோது, அந்த வண்டிக்குப் பதினெட்டு வருடமாக டிரைவராக இருந்த என் சித்தப்பா, எஞ்சினை அணைக்காமலே இறங்கி, கத்திகளில் சுற்றிய வைக்கோலை இழுக்கக் குனிந்தார். சட்டைக் கை தண்டில் மாட்டியது. துணி கிழியும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எலும்பு முறியும் சத்தம்தான் கேட்டது. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல, இரண்டு தரம்.

வரப்பில் நின்றிருந்த பண்ணைவீட்டுக்காரர் ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். "தண்டு வளைஞ்சிருச்சா பாரு" என்றுதான் முதலில் சொன்னார். முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கிய இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சு ஆண்டே" என்றார் சித்தப்பா. எங்கள் தெருவில் 'ஆண்டை' என்ற சொல்லை அப்போதே நாலைந்து பேர்தான் வாயில் வைத்திருந்தார்கள். ரத்தம் சேற்றுத் தண்ணீரில் கலந்து, வயலில் இறங்கி நின்ற என் காலைத் தொட்டபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் வந்தது. அவர் வாயிலேயே அறைய வேண்டும்போல இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். நில அளவையில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தஞ்சாவூரில் நிலம் அளந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, நானும் அப்பாவும் கொஞ்சம் தலைநிமிர்ந்த பிறகுதான் டிராக்டர் பேச்சு வந்தது. எங்களுக்கு இருந்தது வாய்க்காலின் கடைசியில் ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர். தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். தண்ணீர் நிற்கும் அந்தச் சில நாட்களுக்குள் சேறடித்து நடவு முடித்தாக வேண்டும். ஆனால் வாடகை டிராக்டர் எதுவும் பண்ணைவீட்டு நிலம் முடியாமல் எங்கள் பக்கம் திரும்பாது. அது வந்து சேரும் நாளில் எங்கள் வயலில் மண் வெடித்திருக்கும். இப்படி இரண்டு வருடம் நிலம் தரிசாகக் கிடந்தது. மூன்றாவது வருடமும் கிடந்தால் அப்பா அதை விற்றிருப்பார். வாங்கக் காத்திருந்தது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

மன்னார்குடி ஷோரூமுக்கு மூன்று பேரும் போனோம். ஒற்றைக் கையோடு சித்தப்பாவால் இனி ஓட்ட முடியாது. ஓட்டப்போவது நான். ஆனாலும் வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா பெயின்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து, சுழல்தண்டின் உறையைத் தட்டிப் பார்த்தார். "எடை கம்மியா இருக்கணும், இல்லாட்டி நம்ம சேத்துல உக்காந்துரும். நாலு வீலும் இழுக்கணும். ரோட்டவேட்டரைத் தூக்குற கைக்குப் பலம் இருக்கணும்" என்று என்னிடம் சொல்லாமல் வண்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே பிடித்தார். இரண்டு முனையிலும் முடிச்சு இருந்தது.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "என்னண்ணே, டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் கொண்டாந்த மாதிரி கயிறு கொண்டாந்திருக்கீங்க?"

"பாதை நாலடிங்க. அதுக்குள்ள அடங்கணும்."

"அடங்கும். ஆனா சேத்துக்கு கேஜ் வீல் மாட்டுனா ரெண்டு பக்கமும் வெளிய வருமே?"

"அதை நாங்க தலையில தூக்கிட்டுப் போயி வயல்ல வெச்சு மாட்டிக்குவோம்" என்றார் சித்தப்பா.

சேற்றில் டயர் புதையாமல் இருக்க அதோடு சேர்த்து மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்தான் கேஜ் வீல். ஒன்றை இரண்டு பேர் தூக்க வேண்டும். பாதையை ஒட்டிய பண்ணைவீட்டு நடவை மிதித்துவிடக் கூடாது என்பதற்காக அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டுமாம். எனக்குக் கடையில் வைத்தே காது சூடாகிவிட்டது.

"இந்த நாலடி யாரு குடுத்த அளவு சித்தப்பா?"

"இருக்குற அளவு, பாப்பா."

மறுநாளே தாலுகா அலுவலகத்தில் எங்கள் புல வரைபடத்தின் நகலை வாங்கினேன். வாய்க்காலை ஒட்டிப் பன்னிரண்டு அடி அகலத்தில் வண்டிப்பாதை தெளிவாக இருந்தது. மீதி எட்டு அடியை வருடத்துக்கு ஒரு மண்வெட்டிக் கொத்தாகப் பண்ணைவீட்டு வயல் தின்றிருந்தது. எங்களுக்கு விட்டுவைத்த மிச்சத்தை அளந்து, அந்த மிச்சத்துக்குள் அடங்கும் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தோம் நாங்கள். வரைபடத்தைச் சித்தப்பா முன்னால் விரித்து வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படத்துல பன்னெண்டு அடி இருக்கும். வரப்புல அருவா இருக்கும். சின்ன வண்டியே போதும்."

சின்ன வண்டியையே வாங்கினோம். ஆனால் முறைத் தண்ணீர் வந்த காலையில், கேஜ் வீல்களை வீட்டு வாசலிலேயே மாட்டச் சொன்னது நான்தான். அப்பா தயங்கினார். சித்தப்பா, "சொமந்துக்கிறேன்னு சொல்றேன்ல, ஒனக்கு என்ன வலிக்குது?" என்று கத்தினார். "ஒங்க தலை வலிக்காது சித்தப்பா, எனக்குத்தான் வலிக்கும்" என்றேன். சித்தப்பா ஸ்பேனரை எடுத்து, ஒற்றைக் கையால் ஒவ்வொரு நட்டையும் தானே முறுக்கினார். வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தார். அப்பா பின்னால் வந்தார்.

பாதி தூரத்தில் கேஜ் வீலின் வெளிவிளிம்பு பண்ணைவீட்டு நடவில் ஏறியது. ஒரு வரிசை நாற்று சேற்றுக்குள் போனது. பண்ணைவீட்டுக்காரரின் மகன் கையில் கடப்பாரையோடும் கூட இரண்டு ஆட்களோடும் எதிரே வந்தான். "எறங்குடி" என்றான். "பொண்ணு ஓட்டுது தம்பி, பாதை எங்களுக்கும் பாதைதான், விடுங்க" என்று சித்தப்பா சொன்னார். 'ஆண்டை' சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அந்த நொடியில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவனும் அதைக் கவனித்திருக்க வேண்டும். "தம்பியா?" என்றான். கடப்பாரை முதலில் ஹெட்லைட்டில் இறங்கியது, பிறகு எஞ்சின் மூடியில். மூன்றாவது அடி எனக்கு வந்தது. சித்தப்பா குறுக்கே புகுந்து, இல்லாத இடது கையைத் தூக்கித் தடுத்தார். பழக்கத்தில் எந்தக் கை முன்னால் வருமோ அந்தக் கை. கடப்பாரை காதுக்கு மேலே விழுந்தது. அவர் சத்தமே போடாமல் என் முன்சக்கரத்தின் மேல் சாய்ந்தார்.

அப்பாவை மற்ற இருவரும் சேற்றில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியில் கிடந்த ஸ்பேனரோடு குதித்து அவன் தாடையில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். பல் என் முழங்காலில் வந்து ஒட்டியது. நடவுக்கு வந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் நான் நிறுத்தினேன். வழக்கில் அதுவும் இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

சித்தப்பா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த மூன்று நாளும் அவர் கண் திறக்கவில்லை. கேஜ் வீலைச் சுமந்துகொண்டு போயிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அதன் பிறகு போலீஸ் காவலோடு சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். பன்னிரண்டு அடி. எங்கள் தெருவில் பதினோரு குடும்பம் இன்று அந்தப் பாதையில் உரம் ஏற்றிப் போகிறது, நெல் ஏற்றி வருகிறது. முறைத் தண்ணீர் வற்றுவதற்குள் எங்கள் ஒன்பது மாவும் நட்டு முடிகிறது.

அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். இந்தக் குறுவைக்கு நான் சேறடிக்கப் போனபோது எதிரே பைக்கில் வந்தான். பாதையின் நடுவில் நிறுத்திக் காலை ஊன்றினான். கோணிப்போன தாடை அப்படியேதான் இருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அகலம் இருந்தது, ஒதுங்கிப் போயிருக்கலாம். ஒதுங்கவில்லை. கேஜ் வீலின் பல் அவன் கால் விரலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தபோது அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்.

வயலுக்குப் போய் எஞ்சினை அணைத்த பிறகுதான் உறைத்தது. அவன் எதிரே நின்றபோது பிரேக்கின் மேல் இருந்திருக்க வேண்டிய என் கால், அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.