எட்வின் அண்ணன் பேசுவார், நான் டைப் அடிப்பேன்

எட்வின் அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் பஸ்ஸில் வரும்போது ஆபீஸ் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்தேன். பிறந்தநாளோ என்று நினைத்துக் கீழே படித்தால்... நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நாளைக் காலை காலடிப்பேட்டை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

நான் ஃபேஸ்புக்கில் லைக் போடுவதோடு சரி, எதுவும் எழுதியதில்லை. இவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். போன வருஷம் ஒரு ஏஜென்சி மூலமாக வண்ணாரப்பேட்டையில் டெக் சப்போர்ட் வேலை கிடைத்தது. கடைகளில் பில் போடும் மெஷின் மக்கர் பண்ணினால் எங்களுக்குத்தான் போன் வரும்.

என்னோடு அதே நாளில் சேர்ந்தவர் எட்வின் அண்ணன். எண்ணூரில் ஃபிட்டராக இருந்தவர், அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். தலை நரைத்த ஃப்ரெஷர்... ட்ரெயினிங் ரூமுக்குள் அவர் வந்ததும் வாத்தியார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றோம்.

"ஒக்காருங்க பா. நானும் உங்க க்ளாஸ்தான்" என்றார்.

எனக்கு மெஷின் சட்டென்று புரிந்தது. ஆனால் போனை எடுத்தால் பேச்சே வராது. அண்ணனுக்குப் பேச்சு அருவி மாதிரி. ஸ்க்ரீனைப் பார்த்தால்தான் வேர்க்கும்.

ஒரு வாரம் இரண்டு பேரும் மாறி மாறித் திட்டு வாங்கினோம். அப்புறம் அவரே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தோ பாரு மா. நீ டைப் அடி, நான் பேசறேன். ஒரு மெஷினுக்கு ரெண்டு ஆளு. எங்க ஃபேக்டரில அப்டித்தான்."

எனக்கு வரும் போனையும் அவரே பேசுவார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டுவேன்.

ஒரு தடவை ராயபுரத்திலிருந்து ஒரு கடைக்காரர். பில் வெள்ளையாகவே வருகிறது என்று கத்தினார். நான் அடித்தேன்: 'பேப்பர் ரோலைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். அவர் தப்பு என்று சொல்லாதீங்க, கோபப்படுவார்.'

அண்ணன் அப்படியே படித்துவிட்டார். "பேப்பர தலைகீழா போட்டுக்கிறியாம் நைனா. உன் தப்புன்னு சொல்லக்கூடாதாம், கோச்சுக்குவியாம்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் அண்ணனைத்தான் கேட்பார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் டீம் லீடர் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் சம்பளம் கிடையாது, நீங்கள் எல்லோரும் கன்சல்டன்ட் என்றார். ப்ரமோஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

அவரவர் பெயரில் மாசாமாசம் பில் கொடுக்க வேண்டும். பத்து பர்சென்ட் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள், பிறகு நாமே ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. யார் எத்தனை கால் பேசி முடித்தார்களோ அதற்குத்தான் காசு, ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கணக்குப் போடுவார்கள்.

ரெக்கார்டிங்கில் என் குரலே கிடையாது.

இந்த வேலை போனால் அம்மாவோடு மீன் சுத்தம் பண்ணும் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்தார்.

"சார், எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரே கன்சல்டன்டா போட்டுக்கோ."

"ஏண்ணா, ஒரு பான் கார்டுல ரெண்டு பேர் போட்டோ போட முடியுமா?"

"ரேஷன் கார்டுல மொத்த வூடே கீதே சார்."

ஆபீஸே சிரித்தது. டீம் லீடரும் சிரித்தார். ஆனால் முடியாது என்றுவிட்டார்.

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. "நெஞ்சு மாத்திரையே இஎஸ்ஐலதான் வாங்கிகினுகீறேன். இத்த போட்டா அது பூடும். நான் கெளம்பறேன் சார்." சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அப்போது என் போன் அடித்தது.

அண்ணனைப் பார்த்தேன். அவர் கதவுகிட்டே நின்றார், திரும்பி வரவில்லை. இன்னும் இரண்டு ரிங் போனதும் எடுத்தேன். அந்த ராயபுரத்துக் கடைக்காரர்தான்.

"அண்ணன் இல்லியா?"

"கிளம்பறார். என்ன ப்ராப்ளம்னு எங்கிட்ட சொல்லுங்க."

"நீ யாரும்மா?"

"இத்தனை நாளா அவருக்கு எடுத்துக் குடுத்தவ."

குரல் நடுங்கவில்லை. மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

அண்ணன் அது முடியும்வரை நின்றிருந்தார். "அட... சவுண்டு வர்துபா" என்று டீம் லீடரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது டீமில் அதிக கால் முடிப்பது நான்தான்.

அவர் திருவொற்றியூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தார், அங்கே இஎஸ்ஐ உண்டு. போன மாசம் மெட்ரோ வாசலில் பார்த்தேன். "இன்னா மா, கடைக்காரனுங்கள மெரட்றியாமே" என்றார். ஆமாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்சம் முன்னால் டீம் லீடருக்கு போன் பண்ணினேன். நாளைக்கு வரமாட்டேன் என்றேன்.

"லீவா? முன்னாடியே கேக்க மாட்டியா?"

"கன்சல்டன்டுக்கு லீவு ஏது சார். கேக்கல, சொல்றேன். எட்வின் அண்ணன் அடக்கத்துக்குப் போறேன். நீங்களும் வாங்க."

அவர் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

காலையில் வருகிறோம் அண்ணா.