கைப்பைக்குள் அடங்கும் தூண்டில்

மீன் தின்பதைத் தவிர மீனோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையில்தான் எங்கள் வீடு. ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அப்படியிருந்தும் நான் கால் நனைத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த நான் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் தூண்டில் தடியும் நூல் சுருட்டுகிற ரீலும் தெரிவுசெய்து வாங்கினேன் என்றால், காரணம் என் மனுசன்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தடியைத் தூக்கினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார். இறாலைக் குத்திப் போட்டுவிட்டு சும்மா குந்தியிருக்கிற மீன்பிடி அல்ல அவருடையது. ரப்பரிலோ தகரத்திலோ செய்த பொய்மீனை எறிவதும் சுருட்டுவதும், எறிவதும் சுருட்டுவதும். உயிரில்லாத சாமானை உயிருள்ளதுபோல நீந்தவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். பாதி நாள் வெறுங்கையோடு வருவார். மீனை ஏய்த்துப் பேய்க்காட்டப் போய் நீங்கள்தான் பேய்க்காட்டுப்பட்டு வாறியள் என்று நான் நக்கலடிப்பேன். அவரும் சிரிப்பார். சோறு சாப்பிடும்போது பாரை எங்கே நிற்கும், சீலா எப்படிப் பாயும் என்று கதைத்துக்கொண்டே இருப்பார். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு என் பாட்டில் சாப்பிடுவேன்.

நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கிய வருடம் அது. கொட்டாஞ்சேனையில் தமையன் வீட்டுக்குப் போய், அந்தப் பக்கத்துக் கடலில் எறிந்துவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வந்தவரை வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். கித்தான் பைக்குள் நீளமாக ஏதோ இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவன் தமிழன். வேறென்ன வேண்டும்? நான் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த மனிதர் காலையிலேயே வந்து பேசியதால் ஒரு இரவோடு விட்டார்கள். தடி திரும்பி வரவில்லை.

அவரும் முழுதாகத் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், விடும், அது முடிஞ்ச கதை என்பார். கடலுக்குப் போகவில்லை. கடல் தெரியும் பல்கனிக் கதவைக்கூடச் சாத்திவைத்தார். வேலை, வீடு, வானொலிச் செய்தி. சாப்பாட்டு மேசையில் பேச்சில்லை. ஏழு மாதம். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. பாரையும் சீலாவும் இல்லாத மேசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுதான் உண்மை.

நீளமான பைதானே பிரச்சினை, சின்னதாக மடங்குகிற தடி இருந்தால் மனுசன் போவார் என்று நானே முடிவுகட்டினேன். ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு புறக்கோட்டைக்குப் போனேன். வலை, முள், நைலோன் கயிறு விற்கிற கடை ஒன்று. வயதான முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். என் கைப்பையைத் தூக்கிக் காட்டி, இதற்குள் அடங்குகிற தூண்டில் தடி வேண்டும் என்றேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, எடுத்துக்கொண்டு போகிறதுக்கா, மீன் பிடிக்கிறதுக்கா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அடுத்து கேட்ட கேள்விகளுக்கு என் வாயிலிருந்து வந்த பதில்களைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன். படகிலா, கரையிலா? பாறையில் நின்று. இரை என்ன? பொய்மீன், விரலளவு, கொஞ்சம் பாரமான தகரத் துண்டும் எறிவார். என்ன மீன்? சின்னப் பாரை, சீலா. எப்போதாவது பெரிய பாரை அடித்து நூலை அறுத்துக்கொண்டு போகும். இத்தனை வருடமாக ஓம் ஓம் என்று கேட்டதெல்லாம் எங்கோ உள்ளே சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

குடைபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற தடியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். முழங்கையளவுகூட இல்லை. வேண்டாம் என்று நானா தலையாட்டினார். பாறையில் அடிக்கிற உப்புத்தண்ணீரும் மணலும் அந்தக் குழாய்களுக்குள் போனால் இறுகிவிடும், பொய்மீன் எறிகிறவருக்கு அதன் வளைவும் சரிவராது என்று சொன்னார். பிறகு நான்கு துண்டாகப் பிரிகிற ஏழடித் தடி ஒன்றை எடுத்துப் பொருத்திக் காட்டினார். தடித்த துண்டிலிருந்து மெல்லிய துண்டுக்குப் போய்ப் பொருத்தி, பிறகு ஊசிக்கு நூல் கோர்க்கிறமாதிரி ஒரு கண்ணைச் சாத்திக்கொண்டு நூல் ஓடுகிற வளையங்கள் எல்லாம் ஒரே நேரில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். கழற்றினால் ஒவ்வொரு துண்டும் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் கொஞ்சம் கூட. பையில் போகும்.

ரீல் இரண்டு வைத்தார். பெரியது பார்க்க நல்ல வடிவு, மினுங்கியது. கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பொய்மீன் எறிகிறவன் ஒரு மணித்தியாலத்தில் நூறு தரம் எறிந்து நூறு தரம் சுருட்டுவான், பாரமெல்லாம் மணிக்கட்டில்தான் வந்து நிற்கும் என்றார். மணிக்கட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருபது வருடம் தட்டச்சு அடித்த மணிக்கட்டு. சின்ன ரீலைப் போட்டுப் பார்த்தபோது தடி என் விரலில் ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. அதைத்தான் எடுத்தேன்.

பிழை விட்டது அதற்குப் பிறகு. தடி வந்த பெட்டி நீளமாக இருந்தது. அதன்மேல் வாயைப் பிளந்துகொண்டு துள்ளுகிற பெரிய மீன்படம். பெட்டி வேண்டாம் என்றேன். கொண்டு போங்க தங்கச்சி என்று நானா இரண்டு தரம் சொன்னார். எனக்கா தெரியாது? பொட்டை அழித்துவிட்டு, தமிழ்ப் பேப்பரை மடித்து ஒளித்துக்கொண்டு பஸ் ஏறுகிற ஆள் நான். நான்கு துண்டையும் கடதாசியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். மேலே சேலைத் துண்டு. ரீலைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், காலி நகருக்குப் போகிற பெரிய வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. பையைத் துழாவிய பொம்பிளைப் பொலிசின் கை அடியில் போய் நின்றது. கடதாசியைப் பிரித்தாள். நான்கு கறுப்புக் குழாய்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். கைப்பிடியும் நூலுமாக ஒரு இரும்புச் சாமான். அவள் இரண்டடி பின்னால் போனாள். எனக்குப் பின்னால் நின்ற வரிசை அப்படியே கரைந்து தூரப்போனது. "மே மொனவத?" என்று கேட்டாள், இவை என்ன என்று. நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிற என் வாயில் 'மாலு, மாலு' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்குள் மீன் என்றுதான் அவளுக்கு விளங்கியிருக்கும்.

நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன்ட் வந்தார். பொருத்திக் காட்டு என்று கையால் காட்டினார். என் வாழ்க்கையில் அந்த வேலையைச் செய்ததில்லை. தடித்தது, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. மூன்றாவது துண்டு இரண்டு தரம் நழுவியது. ஒரு கண்ணைச் சாத்தி வளையங்களைப் பார்த்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ரீலை வைத்து இறுக்கினேன். நடுவீதியில், சேலையோடு, ஏழடித் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் யாரோ சிரித்தார்கள். சார்ஜன்ட் வாங்கி ஒரு தரம் வீசிப் பார்த்தார். என் அடையாள அட்டையைப் புத்தகத்தில் பதியச் சொன்னார். பிறகு திட்டாமல், உண்மையாகவே விளங்காத ஆள்போல, "எய் ஹங்கன்னே?" என்று கேட்டார். ஏன் ஒளிக்கிறாய்? தடியை என் கையில் தந்து போகச் சொன்னார்.

பஸ் போய்விட்டது. அந்தத் தடியைத் திரும்பக் கழற்றி ஒளிக்க எனக்குத் துணிவு வரவில்லை. வெள்ளவத்தை வரைக்கும் அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தேன். சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக்காரன், அக்கா, மீன் அவ்வளவு விலை ஏறிட்டுதோ என்று பகிடிவிட்டான். அவனை முறைத்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மாதமாகச் சாத்தியிருந்த பல்கனிக் கதவு திறந்திருந்தது. நான் பிந்திவிட்டேன் என்று அங்கே நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வாசற்கதவைத் திறந்தவர் தடியைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே திட்டினேன்: உங்களால்தான், உங்கள் பாரையால்தான், திறக்காத உங்கள் வாயால்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன்ட் கேட்டதையும் சொன்னேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். தடியை மடியில் வைத்து, நான் கோணலாகப் பொருத்திய வளையத்தை மெல்லத் திருப்பி நேராக்கினார். பிறகுதான் பேசினார்.

"என்னட்டயும் அதைத்தான் கேட்டவங்கள். விடிய விடிய அது ஒண்டுதான். ஏன் ஒளிச்சனீ, ஏன் ஒளிச்சனீ. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி."

நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நான் ஒளிச்சனான்தான். ஆமிக்காரர் ஏறினதைக் கண்டதும் பையைக் காலால சீட்டுக்குக் கீழ தள்ளினனான். தூண்டில் தடியை. ஏனெண்டு எனக்கே தெரியேல்ல. அதை உமக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே மடத்தனத்தைச் செய்திருந்தோம். பாவம் மனுசன், அதைத் தனியாக ஏழு மாதம் சுமந்திருக்கிறார்.

அந்த ஞாயிறு கடலுக்குப் போனார். தடியைக் கழற்றவில்லை. எல்லோருக்கும் தெரிய, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார். இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் இந்த ஊரில் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுத் துண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் போனேன். ஒன்றும் அகப்படவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மேசையில், அகப்படாத மீனைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். இந்தத் தரம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை அந்தத் தடி கதவுக்குப் பின்னால் முழுதாகவேதான் நின்றது.

சண்டை முடிந்து அடுத்த வருடம் திருகோணமலைக்கு ரயிலில் போக வெளிக்கிட்டோம். அப்போதுதான் தடியைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. உப்பு ஏறி மூன்று பொருத்தும் இறுகிப்போயிருந்தன. சுடுதண்ணீர் ஊற்றினோம், எண்ணெய் விட்டோம், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கடைசியில் சிரிப்பு வந்து நிலத்தில் இருந்துவிட்டோம். பைக்குள் அடங்கவேண்டும் என்று நான் அரைநாள் லீவு போட்டுப் புறக்கோட்டையில் வாங்கிய தடி, இனி எந்தப் பைக்குள்ளும் போகாது.

பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்து, ரயிலில் ஆட்களுக்குக் குத்தாமல் இருக்கட்டும் என்று தடியைச் சுற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்," என்றார். "மூடாதையும்."