ஒன்பது நாள் மேற்படி

பிள்ளைகளே, போன தை மாதத்தில் தொடர்ந்து ஒன்பது நாள் நான் "மேற்படி" என்று எழுதினேன். ஒன்பதும் பொய். அது எப்படி நடந்தது என்று உங்கள் இருவருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. போனில் ஒருவர் அழுதீர்கள், ஒருவர் கோபித்துக்கொண்டீர்கள், நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதனால் ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும் என்று, உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நான் லஸ்கராக இருந்தேன். வாய்க்கால் மதகைத் திறந்து மூடி, தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துச் சொல்லும் ஆள். கல்லணையிலிருந்து புதாற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், வரும் தண்ணீர் நம் ஊர் மதகில் பிரிந்து பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறது. மதகுச் சுவரில் வெள்ளையும் கறுப்புமாக அடி அளவுக் கோடுகள் போட்டிருக்கும். காலை ஆறு மணிக்குப் படியில் இறங்கி அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். "தண்ணீர் மூன்றரை அடி. ஷட்டர் இரண்டு திறப்பு. மழை இல்லை." அவ்வளவுதான். நேற்றுப் போலவே இன்றும் இருந்தால் அதுகூட வேண்டாம், "மேற்படி" என்று போட்டால் போதும்.

ஆனால் கட்டத்தை மட்டும் காலியாக விடக் கூடாது. காலிக் கட்டம் என்றால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம், மெமோ வரும். அதனால் உடம்புக்கு முடியாத நாள், ஊரில் இல்லாத நாள் எல்லாவற்றுக்கும் மேற்படி போட்டுவிடுவது எங்களுக்குள் வழக்கம். மேலே இருப்பவர்களுக்கும் அது தெரியும். ஒரு அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "என்னய்யா, பக்கம் முழுக்க மேற்படி? தண்ணிக்கு ஏறி இறங்கத் தெரியாதா, இல்ல ஒனக்குப் படி எறங்கத் தெரியாதா?" என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பெரியவள் பிறந்த அன்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தேதிக்குப் பதிவேட்டில் என்ன இருக்கும் தெரியுமா? மேற்படி.

உங்கள் அம்மாவுக்கு வருடத் திதி கொடுக்க நீங்கள் இருவரும் வந்தபோதுதான் சின்னவன் என் போனில் அந்த ஆப்பை ஏற்றினான். சிங்கப்பூருக்குத் திரும்ப அவனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"இதுல தெனமும் ரெண்டு வரி எழுதிப் போடுங்கப்பா."

"யாருக்கு?"

"யாருக்குன்னு இல்ல. போட்டா போதும். பாக்குறவங்க பாப்பாங்க."

"யாருக்குன்னு இல்லாம எப்படிடா எழுதறது? அட்ரஸ் எழுதாம கடுதாசிய பெட்டில போட்ட மாதிரி."

சமையலறையிலிருந்து பெரியவள் சிரித்தாள். "ரிஜிஸ்தர்ல மட்டும் யாருக்குப்பா எழுதுனீங்க? முப்பது வருஷமா அத யாரு படிச்சா?"

அது சரிதான் என்று பட்டது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். மதகுக்கு இப்போது வேறு லஸ்கர் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துக்கொண்டு போவார். நான் பழக்கத்தில் ஆறு மணிக்குப் போய்ப் படியில் இறங்கி அளவு பார்த்துவிட்டு, அங்கேயே நின்று ஒற்றை விரலால் எழுதிப் போட்டேன். "தண்ணீர் நான்கு அடி. மழை இல்லை." அந்த ஆப்பில் நீளமாக எழுத முடியாது. எழுத எழுத ஒரு சின்ன வட்டம் நிறைந்துகொண்டே வரும், நிறைந்தால் நிறுத்த வேண்டும். எனக்கு அந்த வட்டம் கால்வாசி நிறைந்ததே கிடையாது. வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் சின்னவன் அமுக்கும் ஹார்ட் குறி வந்துவிடும். பெங்களூரில் பெரியவள் பேத்தியைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனை எடுப்பாள், எட்டரைக்கு அவளுடையது வரும். கொஞ்ச நாளில் கடைமடைக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர்கள். இங்கே நான்கு அடி என்றால் அங்கே எப்போது வந்து சேரும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். முகம் தெரியாதவர்கள் "நன்றி ஐயா" என்று எழுதுவார்கள். பதிவேட்டுக்கு எவனும் நன்றி சொன்னதில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெரியவள் கூப்பிடுவாள், பன்னிரண்டுக்குச் சின்னவன். "சாப்டீங்களா?" "சாப்ட்டேன்." "என்ன கொழம்பு?" இதைத் தவிர பெரிதாக ஒன்றும் பேசினதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுக்காகவே அன்று உண்மையிலேயே ஒரு குழம்பு வைப்பேன். கத்திரிக்காயா கீரையா என்று கேட்டால் பதில் இருக்க வேண்டுமே. பிறகு ஒரு ஞாயிறு தப்பியது. நானே கூப்பிட்டேன். "காலைல ஒங்க வரியப் பாத்துட்டேன்பா, அதான் கூப்புடல" என்றாள். சின்னவன் வேறொரு நாள் சொன்னான்: "ஒங்க வரி வந்துட்டா அன்னைக்கு நிம்மதியா வேல பாப்பேன்பா." அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதிதான் போனின் வாயை அடைத்தது என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று. தண்ணீர் மூன்றடி என்று நான் எழுதினால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று நீங்கள் படித்தீர்கள். நீங்கள் போட்ட ஹார்ட்டை நான், பேசியாயிற்று என்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நின்றுபோயிற்று. ரசம் போதும் என்று விட்டுவிட்டேன்.

தையில் அறுப்பு நேரம். ஒரு காலை பனி கனமாக இருந்தது. கோடு சரியாகத் தெரியவில்லை என்று இன்னும் ஒரு படி இறங்கினேன். பாசி. இடது கால் மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மதகுப் பாலத்தின் மேல் அறுப்பு மிஷின் ஒன்று போய்க்கொண்டிருந்தது, சேலம் பக்கத்து ஆட்கள். கையை ஆட்டினேன். டிரைவரும் இன்னொருவரும் இறங்கி வந்து ஆளுக்கொரு தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

"பெரியவரே, வீட்ல யாரு இருக்காங்க?"

"இருக்காங்க."

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது டிரைவர் கதவைப் பார்த்தார். "பூட்டுத் தொங்குது?"

"கடைக்குப் போயிருப்பாங்க."

"சாவி?"

சாவி என் மடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் திறந்து என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்துவிட்டு, "வந்தவொடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். மிஷின் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் இன்னும் வரி எழுதவில்லை. கால் முட்டிக்குக் கீழே வீங்கிக்கொண்டு வருகிறது. போன் சட்டைப் பையில் இருக்கிறது. "விழுந்துவிட்டேன்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் போன தடவை காய்ச்சல் என்று சொன்னதற்குப் பெரியவள் ஐந்து நாள் லீவு போட்டு ஓடி வந்தாள், பிறகு ஆபீசில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சின்னவனுக்கு அங்கே வேலை நிரந்தரம் ஆகப் போகிற சமயம். சொல்லவும் மனசில்லை, கட்டத்தைக் காலியாக விடவும் கை வரவில்லை. மேற்படி என்று போட்டேன். ஒரு நிமிடத்தில் ஹார்ட் வந்தது. எட்டரைக்கு இன்னொன்று.

பால் ஊற்றும் அம்மாதான் எனக்கு அந்த நாட்களில் ஆள். முதல் நாளே, "என்ன லஸ்கரய்யா, காலு பூசணிக்கா மாதிரி இருக்கு!" என்று கத்திவிட்டு, கடைத்தெருவிலிருந்து துணிக்கட்டும் தைலமும் வாங்கி வந்தார். தினமும் நாலு இட்லி. "புள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.  சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களுக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். தை நடுவில் மேட்டூரை மூடிவிடுவார்கள். அடுத்த சில நாளில் நம் வாய்க்காலும் வற்ற ஆரம்பிக்கும். வருடா வருடம் நடப்பது. அந்த வாரம் டிவியில் அணை மூடிய செய்தி வந்தது. அதற்குப் பிறகும் நான் மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடியும் நாளில் நேற்றும் இன்றும் ஒரே அளவாக இருக்க முடியுமா? நீங்கள் இந்த வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர்கள். தை பிறந்தால் எப்போது மணல் தெரியும், எப்போது குழியில் மீன் பிடிக்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள். கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை. தினமும் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, இன்றைக்கு யாராவது "என்னப்பா இது?" என்று கேட்பீர்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆறாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு எழுதப்போவதில்லை, கட்டம் காலியாகவே கிடக்கட்டும், யார் மெமோ கொடுக்கிறீர்கள் பார்க்கலாம் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. நீங்கள் வேலையில் இருப்பீர்கள், இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் தாங்கவில்லை. நீங்கள் கூப்பிடாமல் போனால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. கூப்பிடவில்லை என்று தெரிந்துகொள்வதைவிட எழுதிவிடுவது சுலபம். மேற்படி என்று போட்டேன். உடனே ஹார்ட் வந்தது.

ஒன்பதாம் நாள் கடைமடைக்காரர் ஒருவர் கீழே எழுதியிருந்தார். இன்று வரை அவர் யாரென்று எனக்குத் தெரியாது. படம் வைக்கும் இடத்தில் ஒரு டிராக்டர் இருக்கும். "ஐயா, மேற்படின்னு போடுறீங்க. இங்க வாய்க்கா காஞ்சு மூணு நாளாச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். கேட்டுவிட்டாரே என்பதற்காகப் பாதி. கேட்டது அவராக இருந்ததே என்பதற்காகப் பாதி.

பதில் போடுவதற்குள் போன் அடித்தது. பெரியவள்.

"யாருப்பா அந்த டிராக்டர்காரரு? ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு?"

"யாரோ கடைமடைக்காரரும்மா. அவங்க ஊர்ல தண்ணி வரலயாம்."

"தண்ணி நிறுத்தி எத்தன நாளாச்சுப்பா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வீடியோல வாங்க."

வந்தேன்.

"எழுந்து நில்லுங்க."

"படுத்துருக்கேன்மா, இப்பத்தான் சாப்ட்டேன்."

"காலக் காட்டுங்க."

காட்டினேன்.

"அது நல்ல காலு. இன்னொண்ணக் காட்டுங்க."

பிறகு அழுகைதான் கேட்டது. "தெனமும் ஹார்ட் போட்டேனேப்பா. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, பாக்காமயே போட்டேனே" என்றாள்.  சின்னவன் அன்று மத்தியானம் கூப்பிட்டுத் திட்டினான். "எங்கள என்னன்னு நெனச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டான். தப்பு உங்களுடையது இல்லை. மேற்படி என்று எழுதியவன் நான். எழுதியதை நம்பினீர்கள். அவ்வளவுதானே.

பெரியவள் வந்து ஒரத்தநாட்டுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தாள். எலும்பு தப்பித்தது. நான்கு நாள் இருந்தாள். பெங்களூருக்கு வாங்க என்றாள். அந்த நாலாவது மாடியில் நான் என்ன செய்வேன்? வரவில்லை என்றேன். போகும்போது, "இனிமே மேற்படி கெடையாது, ஒழுங்கா எழுதணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு இரண்டு பேரும் கூப்பிட்டீர்கள். ஐந்தாவது ஞாயிறு, போன வாரம், கத்திரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பதினோரு மணி போயிற்று. பன்னிரண்டும் போயிற்று. காலையிலேயே "தண்ணீர் இல்லை. மழை இல்லை" என்று போட்டிருந்தேன், இரண்டு ஹார்ட்டும் வந்திருந்தன. ஒரு மணிக்கு மறுபடியும் போனை எடுத்து எழுதினேன். "வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. கால் பரவாயில்லை. வீட்டில் தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. யாராவது கூப்பிடுங்கள்." அந்த வட்டத்தில் இன்னும் நிறைய இடம் மீதி இருந்தது. நாற்பது ஐம்பது கடைமடைக்காரர்கள் படிப்பார்களே என்று விரல் நின்றது. பிறகு போட்டுவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் சின்னவனின் ஹார்ட் வந்தது.  போனைக் கவிழ்த்து வைக்கப் போனேன். அப்போது அந்த ஹார்ட் மறைந்தது. எண்ணிக்கை ஒன்றிலிருந்து மறுபடி ஒன்றுமில்லை என்று ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"படிக்காமயே அமுக்கிட்டேன்பா" என்றான். "இப்பத்தான் படிச்சேன்."

 அவன் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், வாசலுக்கு எதிரே வாய்க்காலுக்குள் ஆடு மேய்கிறது என்றேன்.

"எத்தன ஆடுப்பா?"

கம்பை ஊன்றி வாசலுக்குப் போய் எண்ணிச் சொன்னேன்.